எங்கே பிரிப்பது? சித்தன்னவாசல் கல்வெட்டு முதல் இணைய முகவரி வரை

இணைய முகவரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட முடியாது. கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ வலைத்தளம் தொடங்கும்போது, பெயர்ப்பலகையில் இரண்டு மூன்று சொற்களாக நிற்கும் பெயர் முகவரியில் ஒரே சரமாகச் சேர்ந்துவிடுகிறது. அதைச் சொற்களாகப் பிரிக்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. பெயர் வைத்தவர் நினைத்த இடத்தில் அவர் பிரித்தால் எல்லாம் சரி. ஓர் எழுத்து தள்ளிப் பிரித்தால் பொருள் மாறும். சில பெயர்களில் மானமே போகும்.

ஒரு விளையாட்டுக் கழகம் 'புது மைதானம்' என்று பெயர் வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். முகவரியில் அது 'புதுமைதானம்' ஆகும். அதைப் 'புதுமை தானம்' என்று படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. கைவினைப் பொருள் விற்பவர் 'பல கைவேலை' என்று வைத்த பெயர், சேர்த்து எழுதியதும் தச்சுப்பட்டறையைக் குறிக்கும் 'பலகை வேலை' ஆகிவிடும். 'மாவிலை' என்ற மூன்றெழுத்தில் தோரணம் கட்டும் மா இலையும் இருக்கிறது, அரைத்து வைத்த மாவின் விலையும் இருக்கிறது.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததன்று. சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுதுவதுதான் தமிழில் நெடுங்காலம் வழக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் பாறைகளிலும் கோயில் சுவர்களிலும் அப்படி எழுதியவை ஏராளமாக உள்ளன. அவற்றைப் படித்த அறிஞர்கள் கையாண்ட வழிகள் இன்று முகவரிக்குப் பெயர் தேடுபவருக்கும் உதவும்.

இடைவெளிக்கு ஏன் தடை?

இணையத்தோடு இணைந்த கணினிகளை அடையாளம் காட்டுவது எண்களால் ஆன முகவரி. நீளமான எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். எனவே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் சூட்டும் வழக்கம் வந்தது. இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. பட்டியல் பெருகிக் கையாள முடியாமல் போனபோது, 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். இன்று ஒரு முகவரியைத் தட்டச்சு செய்ததும் உரிய தளம் திறப்பது இந்த முறையால்தான்.

பெயரில் எந்தக் குறிகள் வரலாம் என்பதை 1985ஆம் ஆண்டில் வெளியான விதித்தொகுப்பு வரையறுத்தது. ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவை வரலாம், பகுதிகளைப் பிரிக்கப் புள்ளி வரலாம், இடைவெளி வரக்கூடாது. கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளில் இடைவெளி என்பது ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். பெயருக்குள் இடைவெளி வந்தால் பெயர் பாதியிலேயே முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

இன்றும் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒரு பகுதியில் 63 குறிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இணைப்புக்கோடு பகுதியின் நடுவில் வரலாம். முதலிலும் கடைசியிலும் வரக்கூடாது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இந்த முறையில் வேறுபாடு கிடையாது. பெயரைப் பிரித்துக் காட்ட இரண்டு வழிகளுக்கு இவ்விதிகள் இடம் தருகின்றன. ஒன்று, சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு போடுவது. மற்றொன்று, அச்சிலும் பலகையிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதுவது. பெரும்பாலானோர் இரண்டையும் செய்வதில்லை என்பதால்தான் குழப்பம் நீடிக்கிறது.

பிழையாகப் படிக்கப்பட்ட பெயர்கள்

கணினி வல்லுநர்கள் கேள்விகேட்டுப் பதில் பெறும் 'எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற அமெரிக்கத் தளம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. வல்லுநர்களின் பரிமாற்றம் என்பது பெயரின் பொருள். இரண்டு சொற்களும் சேர்ந்தபோது, முதல் சொல்லின் கடைசி எழுத்து இரண்டாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பாலின மாற்றத்தில் வல்லவர் என்ற பொருள் தரும் மூன்று சொற்களாகப் பிரிந்தது. நிறுவனம் பின்னர் முகவரியின் நடுவே இணைப்புக்கோடு சேர்த்தது.

சமூக ஊடகங்களில் ஒரு செய்தியை அடையாளம் காட்டப் பயன்படும் ஹேஷ்டேகிலும் இடைவெளி கிடையாது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் மறைந்தார். 'தாட்சர் இறந்துவிட்ட நிலையில்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒரே சரமாக ட்விட்டரில் பரவியது. தாட்சர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குள் 'தட்' என்ற சுட்டுச்சொல்லும் 'ஷெர்' என்ற அமெரிக்கப் பாடகியின் பெயரும் அடங்கியிருந்தன. பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று பலர் படித்து வருந்தத் தொடங்கினர். உயிரோடு இருந்தவரைப் பற்றி ஒரு மரணச் செய்தி பரவியதற்கு விடுபட்ட இடைவெளியே காரணம்.

தமிழ் இலக்கணம் முன்பே கண்டது

ஒரே எழுத்து வரிசை இரண்டு விதமாகப் பிரியும் என்பதைத் தமிழ் இலக்கணம் பெயர் சூட்டி வகைப்படுத்தியிருக்கிறது. நன்னூல் சொற்களைத் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு சொல்லாக நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறொரு பொருளும் தருவது பொதுமொழி. 'எட்டு' என்பது எண். 'எள் து' என்று பிரிந்தால் எள்ளைத் தின்பாயாக என்று பொருள். 'வேங்கை' என்பது மரம். 'வேம் கை' என்று பிரிந்தால் வேகின்ற கை. 'தாமரை' என்பது மலர். 'தா மரை' என்று பிரிந்தால் தாவுகின்ற மான். பள்ளி மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் இது.

இந்த இயல்பைப் புலவர்கள் அழகாக்கினர். பிரிப்பதால் இரண்டு பொருள் தரும் அணியைத் தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. பிரிக்காமலே இரண்டு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. புலவர் இரண்டு பொருளையும் எண்ணியே பாடுகிறார். கேட்பவரும் இரண்டையும் கண்டு மகிழ்கிறார். வலைத்தளத்துக்குப் பெயர் வைப்பவர் எண்ணுவது ஒரு பொருளை மட்டுமே. அவருடைய பெயரில் பிரிமொழிச் சிலேடை தானாக அமைந்துவிட்டால் அது பிழை.

ஏழடிப்பட்டத்தின் எழுத்துகள்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே அன்னவாசல் செல்லும் சாலையில் உள்ளது சித்தன்னவாசல். குன்றின் மேற்குப் பக்கத்தில் ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற அறிவர் கோயில் இருக்கிறது. குன்றின் மேல், கிழக்கு நோக்கிய இயற்கைக் குகைத்தளம் ஏழடிப்பட்டம். அதனுள் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. பெரிய படுக்கையின் விளிம்பில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு காணப்படுகிறது. தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று.

இன்றைய எழுத்தில் அதை இடம் விடாமல் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: 'எருமிநாடுகுமுழ்ஊர்பிறந்தகாவுடிஇதென்குசிறுபொசில்இளயர்செய்தஅதிடஅனம்'. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று காட்டும் குறி எதுவும் கல்லில் இல்லை.

இத்தகைய வரியைப் படிப்பவர் முதலில் தெரிந்த சொற்களைத் தேடுவார். 'நாடு', 'ஊர்', 'பிறந்த', 'செய்த' ஆகியவை ஐயத்துக்கு இடமில்லாத சொற்கள். இவை கிடைத்ததும் வரியின் எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது: ஒரு நாட்டில், ஓர் ஊரில் பிறந்த ஒருவருக்கு, ஒருவர் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார். நாட்டின் பெயர் எருமி, ஊர் குமுழ், செய்தவர் இளயர், செய்து கொடுத்தது 'அதிடஅனம்', அதாவது அதிட்டானம் என்னும் இருக்கை. எருமி நாட்டை இன்றைய மைசூர்ப் பகுதியோடு இணைத்துக் காண்பது ஆய்வாளர் மரபு. அப்படியானால் தொலைவிலிருந்து வந்து தங்கிய ஒருவருக்கு இங்குள்ளோர் செய்து கொடுத்த இருக்கை இது.

நடுவில் உள்ள 'காவுடிஇதென்குசிறுபொசில்' என்ற பகுதிதான் எளிதில் பிடிகொடுக்கவில்லை. 'காவுடி இதென்கு' என்று பிரித்தால், இருக்கையைப் பெற்றவர் காவுடி இதென் என்று ஆகிறார். 'கு' என்பது 'அவருக்கு' என்பதில் வருகிற நான்காம் வேற்றுமை உருபு. இளயரின் ஊர் சிறுபொசில். 'காவுடிஇ' என்று நிறுத்திவிட்டு 'தென்கு சிறுபொசில்' என்று படித்தால், பெற்றவர் காவுடி மட்டுமே. 'தென்கு' என்பது இளயரின் ஊர்ப்பெயரோடு சேர்ந்துவிடுகிறது. வெட்டும் இடம் ஓர் எழுத்து நகர்ந்ததும் ஒரு மனிதரின் பெயரே சுருங்கிவிடுகிறது. சில எழுத்துகளை அடையாளம் காண்பதிலும் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. கே. வி. சுப்பிரமணிய அய்யர் முதல் ஐராவதம் மகாதேவன் வரை பலர் தமிழ் பிராமி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தி வந்ததற்கு இத்தகைய இடங்களே காரணம்.

இந்த வரியில் உற்றுக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிற்காலத் தமிழில் 'குமுழூர்' என்று புணர்த்தி எழுதியிருப்பார்கள். இங்கே 'குமுழ்ஊர்' என்று ஊகாரம் தனி உயிரெழுத்தாகவே நிற்கிறது. 'இளயர்' என்பதன் தொடக்கமும் அப்படியே. தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில் வருவதே இயல்பு. ஆகவே வரியின் நடுவே தனி உயிரெழுத்தைக் கண்டால் அங்கே புதுச்சொல் தொடங்குகிறது என்று கருத இடமுண்டு. இடைவெளி செய்யும் வேலையின் ஒரு பகுதியைத் தனி உயிரெழுத்து செய்கிறது. 'அதிடஅனம்' என்பதில் ஒரே சொல்லின் நடுவிலும் அகரம் வந்திருப்பதால், இதை எப்போதும் மாறாத விதியாகக் கொள்ள முடியாது. ஆயினும் நல்ல வழிகாட்டி.

சித்தன்னவாசல் என்ற பெயரே பலவாறாகப் பிரிக்கப்பட்டு வந்திருக்கிறது. வடமொழி வழியில் 'சித்தாநாம் வாசம்', அதாவது சித்தர்கள் உறையும் இடம், என்று சிலர் கொண்டனர். 'சிற்றண்ணல் வாயில்' என்பது மருவியது என்று சிலர் கொண்டனர். அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் கோயிலைப் புதுக்கியதைச் சொல்லும் அக்கல்வெட்டு இடத்தை அண்ணல்வாயில் என்று குறிப்பதால், இரண்டாவது பிரிப்புக்கு வலுக் கூடுகிறது. எழுத்துகளை மட்டும் வைத்துத் தீராத ஐயத்தை வேறொரு சான்று தீர்த்துவைப்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கோயில் சுவர்களில்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. குடுமியான்மலை, திருமயம், நார்த்தாமலை, திருக்கோகர்ணம் முதலிய ஊர்களின் கோயில் எழுத்துகள் அதில் உள்ளன. இக்கல்வெட்டுகளிலும் சொற்களுக்கு இடையே இடம் கிடையாது. வரி முடியும் இடத்தைச் சொல் முடிவு செய்வதில்லை, கல்லின் விளிம்பு முடிவு செய்கிறது. ஒரு சொல்லின் பாதி ஒரு கல்லிலும் மீதி அடுத்த கல்லிலும் இருக்கும்.

ஆயினும் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் படிப்பது தமிழ் பிராமியைவிட எளிது. அவற்றுக்கு ஒரு வாய்பாடு உண்டு. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல், அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடை, கொடை நிலைக்கும் காலம் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் பிரிப்பதும் கைகூடுகிறது. புணர்ச்சி மட்டும் தொடக்க நிலையினரைத் தடுமாற வைக்கும். 'கோவிராசகேசரி' என்பதில் 'கோவி' என்றொரு சொல் இல்லை. 'கோ', 'இராசகேசரி' என்ற இரண்டும் சேரும்போது நடுவே வகரம் உடம்படுமெய்யாக வந்திருக்கிறது.

குடுமியான்மலையில் பாறைச்சரிவில் உள்ள இசைக் கல்வெட்டு இதற்கு மாறானது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் அமைந்த அதில் ஏழு பிரிவுகளில் சுரங்கள் வெட்டப்பட்டுள்ளன. சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பாடுபவர் எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்பது அந்தத் தொகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. சொற்றொடரில் படிப்பவரின் மொழியறிவு பிரித்துக்கொள்ளும். சுரவரிசையில் அந்த உதவி கிடையாது. உதவி இல்லாத இடத்தில் எழுதுபவரே பிரித்துக் காட்ட வேண்டும் என்பதைப் பழையோர் அறிந்திருந்தனர்.

ஓலையிலிருந்து அச்சுக்கு

ஓலைச்சுவடிகளிலும் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளின் அடிகளையும் தொடர்ச்சியாகவே எழுதினர். ஓலை கிழியாமல் இருக்கப் பெரும்பாலும் புள்ளியும் வைப்பதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோல் இருந்தன. அவற்றை வேறுபடுத்தும் வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்குப் பிறகே நிலைபெற்றன. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் சொல் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் வேரூன்றின. 1950களில் மர்ரே எஸ். ராஜம், அறிஞர் குழுவொன்றின் துணையோடு பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்டார். புலவர்கள் மட்டும் படித்துவந்த நூல்கள் எளிய வாசகரின் கைக்கும் வந்தன.

ஐரோப்பாவிலும் வரலாறு இதைப் போன்றதே. பழைய லத்தீன் ஏடுகள் இடம் விடாமல் எழுதப்பட்டவை. லத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயர்லாந்துத் துறவிகள், படிப்பதற்கு எளிதாகச் சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கத்தை 7ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கினர். தாய், சீனம், ஜப்பானியம் ஆகிய மொழிகள் இன்றும் சொற்களுக்கு இடையே இடம் விடாமலே எழுதப்படுகின்றன.

இடைவெளி என்பது படிப்பவருக்காக எழுதுபவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அச்சு நூல்கள் நெடுங்காலத்தில் ஏற்றுக்கொண்டன. இணைய முகவரி அதை மறுபடியும் படிப்பவரிடமே தள்ளிவிட்டது.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்

தமிழ்நாட்டின் வலைத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதியே முகவரி அமைத்துக்கொள்கின்றன. இதில் சொல்லின் எல்லை மறைவதோடு எழுத்தின் ஒலியும் மறைகிறது. குறில் நெடில் வேறுபாடு தெரிவதில்லை. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின்றன. ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் ஒன்றாகின்றன. தகரமும் டகரமும் பல நேரங்களில் ஒன்றாகின்றன. ஓலைச்சுவடி படிப்பவருக்கு எகர ஏகாரத்தில் இருந்த ஐயம், ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய எல்லா எழுத்துகளுக்கும் வந்துவிடுகிறது.

எம், ஏ, எல், ஏ, ஐ என்ற ஐந்து எழுத்துகளை மலை என்றும் மாலை என்றும் மழை என்றும் படிக்கலாம். கீரமங்கலம் பகுதியின் பூ வணிகர் ஒருவர் 'பூமாலைக்கடை' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் முகவரியாக்கினால், 'பூ மலைக் கடை' என்றும் 'பூமாலைக் காடை' என்றும் 'பூமாலைக் கதை' என்றும் படிக்க வழியுண்டு. உள்ளூர்க்காரர் சரியாகப் படித்துவிடுவார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து வாங்க நினைப்பவர் தடுமாறுவார். முகவரி தேவைப்படுவது அவருக்குத்தான்.

மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களிலும் இதைக் காணலாம். அறந்தாங்கி ஆங்கில எழுத்தில் 'அரண் தாங்கி' ஆகவும் தோன்றும். மணமேல்குடி 'மனமேல் குடி' ஆகும். ஆலங்குடியின் நெடில் குறைந்து 'அலங்குடி' ஆகும். விராலிமலையை அறியாதவர் 'விரலி மாலை' என்றும் படிக்கக்கூடும். புதுக்கோட்டை என்ற பெயருக்கே இரண்டு எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. ஒற்று மிகும் இடத்தில் 'கே' என்ற எழுத்தைச் சிலர் ஒருமுறையும் சிலர் இருமுறையும் எழுதுகின்றனர். மாவட்ட நிர்வாகத்தின் தளம் இருமுறை எழுதுவதைக் கொண்டது. ஒன்றை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்பவர் உரிய இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார்.

தமிழ் எழுத்திலேயே முகவரி

ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர் அமைக்கும் தொழில்நுட்பம் 2003ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்டது. தமிழில் எழுதிய பெயரைக் கணினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடாக மாற்றிக்கொள்கிறது; பயன்படுத்துபவருக்குத் தமிழே தெரிகிறது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகிய மூன்று நாட்டு ஈறுகள் தமிழ் எழுத்தில் நடைமுறைக்கு வந்தன.

தமிழ் எழுத்தில் அமையும் முகவரியில் மலையும் மாலையும் மழையும் கலப்பதில்லை. ஒலிக் குழப்பம் முற்றிலும் தீர்கிறது. பிரிக்கும் குழப்பம் மட்டும் எஞ்சுகிறது. 'புதுமைதானம்' தமிழ் எழுத்திலும் இரண்டாகவே பிரியும். இங்கே ஏழடிப்பட்டத்து எழுத்தர் காட்டிய வழி பயன்படும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் புணர்த்தாமல் தனித்து நிறுத்தினால் சொல்லின் எல்லை கண்ணுக்குத் தெரியும். 'மாவிலை' என்பதில் ஐயம் உண்டு. 'மாஇலை' என்பதில் இல்லை. உயிரெழுத்தில் தொடங்காத சொற்களுக்கு இணைப்புக்கோடு இருக்கிறது.

தமிழ் முகவரிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஔகாரத்தின் பின்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், 'ஔவை' என்பதைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஔகாரம் வரும் சொற்களைத் தவிர்ப்பது நல்லது.

தவறாகப் படிப்பதைப் பயன்படுத்தும் மோசடி

சொற்கள் சேர்வதால் வரும் குழப்பத்தை ஏமாற்றுபவர்களும் பயன்படுத்துகின்றனர். மாவட்ட நிர்வாகத்தின் தள முகவரி மூன்று பகுதிகள் கொண்டது: புதுக்கோட்டை, நிக், இன். நிக் என்பது 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையத்தின் சுருக்கப் பெயர். இன் என்பது இந்தியாவைக் குறிக்கும் ஈறு. மூன்றும் புள்ளியால் பிரிந்து நிற்கின்றன. இதே மூன்று சொற்களைப் புள்ளி இல்லாமல் சேர்த்தோ இணைப்புக்கோட்டால் கோத்தோ, இறுதியில் 'காம்' போன்ற வேறோர் ஈற்றைச் சேர்த்தால் முற்றிலும் வேறொருவருக்குச் சொந்தமான முகவரி கிடைத்துவிடும். அவசரமாகப் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

முகவரியின் சொந்தக்காரர் யார் என்பதை அறிய, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து முதலில் வரும் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதிகளே உடைமையைக் காட்டுபவை. அவை 'நிக்.இன்' அல்லது 'கவ்.இன்' என்று முடிந்தால் அது அரசுத் தளம். இந்த ஈறுகள் அரசு அமைப்புகளுக்கே ஒதுக்கப்பட்டவை. இடப்பக்கம் எந்த அரசுத் துறையின் பெயர் இருந்தாலும், வலக்கோடியில் வேறு ஈறு இருந்தால் நின்று சரிபார்க்க வேண்டும்.

எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வேறு எழுத்தாகத் தோன்றும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற சிறிய எழுத்துகள் அருகருகே வந்தால் 'எம்' போலத் தெரியும். இரண்டு 'வி' சேர்ந்தால் 'டபிள்யூ' போலத் தெரியும். வங்கிகளின் பெயரை இப்படி மாற்றி எழுதிக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவது வழக்கமான மோசடி. பூட்டுப் படம் தெரிவதாலேயே ஒரு தளத்தை நம்பிவிடக் கூடாது; அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது, தளம் யாருடையது என்பதை அன்று. பணம் பறிபோனவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்புக் கூடும்.

பெயர் வைக்கும் முன்

ஆதனக்கோட்டை முந்திரியோ வடகாட்டுப் பலாவோ விற்பவர், ஊர்ச் சங்கம் நடத்துபவர், பள்ளி முன்னாள் மாணவர் என இன்று யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாயில் ஒரு முகவரியைப் பதிவுசெய்யலாம். பதிவுசெய்யும் முன் பெயரை ஒரு தாளில் இடம் விடாமல் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய இரு பக்கமும் பொருள் தரும் சொல்லாக அமைந்தால், அந்தப் பொருள் ஏற்கத்தக்கதா என்று எண்ண வேண்டும். தமிழாகப் படித்துப் பார்த்தது போதாது. ஆங்கிலச் சொல் ஏதேனும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை, பெயரை முன்பு கேட்டிராத ஒருவரிடம் அதைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது. வைத்தவருக்குப் பெயர் முன்பே தெரிந்திருப்பதால் அவர் கண்ணுக்குப் பிழைவாசிப்பு தெரியாது. தொலைபேசியில் சொல்லி மறுமுனையில் எழுதச் சொல்வதும் நல்ல சோதனை. எழுத்துக்கூட்டலில் எங்கே தடுமாற்றம் வருகிறது என்பது அதில் வெளிப்படும். முதல் சொல் முடியும் எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால், தட்டச்சில் ஒன்று விடுபட வாய்ப்பு மிகுதி. அத்தகைய பெயரை மாற்றுவது நல்லது; மாற்ற முடியாவிட்டால் இரண்டு வடிவங்களையும் பதிவுசெய்து, இரண்டும் ஒரே தளத்துக்கு வரும்படி அமைக்கலாம்.

முகவரி முடிவான பிறகும் பலகையிலும் பையிலும் விலைச்சீட்டிலும் அதை அச்சிடும் முறையில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் இருந்தால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக அச்சிடலாம், அல்லது சொற்களை வெவ்வேறு நிறத்தில் அச்சிடலாம். தட்டச்சு செய்பவர் பெரிய எழுத்தில் அடித்தாலும் சிறிய எழுத்தில் அடித்தாலும் தளம் திறக்கும். முகவரிக்கு மேலேயே பெயரைத் தமிழில், சொற்களைப் பிரித்து எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஐயமே எழாது.